கச்சேரி இல்லாத மாவட்டத்தில் ஒரு ‘நோ’

“போருக்குப் போறம் அப்பா” என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

“எங்கை?”

“போர். செக்கில ஒரு ஊர். லோட் இறக்கவேணும்.”

“போர் வேண்டாமெண்டுதானே பிள்ளை நாங்கள் இஞ்சை ஓடி வந்தனாங்கள்” என்றார் அப்பா.

செக் மொழியில் போர் என்றால் பைன் மரக்காடு. அதை நான் அப்பாவுக்கு விளக்கத் தொடங்கினேன். அக்கா போனைப் பறித்து வைத்துவிட்டாள். “நீ தொடங்கினால் நியூர்ன்பெர்க் தாண்டும் வரைக்கும் நிப்பாட்டமாட்டாய்.”

அக்காவின் பெயர் துஷ்யந்தி. ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள், நாற்பது தொன் லொறி ஓட்டுபவள். அதற்கென்று முறையாக ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கியவள். கோயிலில் யாராவது கேட்டால் அம்மா, “மூத்தவள் லொஜிஸ்டிக்கில இருக்கிறாள்” என்று மெல்லமாகச் சொல்வார். அப்பாவுக்கு அந்த நாசூக்கு வராது. “என்ர மகள் நாப்பது தொன் இழுக்கிறாள்” என்பார், தானே கயிறு கட்டி இழுப்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நான் ஆஹெனில் பொருளாதாரப் புவியியல் படிக்கிறேன். வீட்டில் எனக்குப் பெயர் புரொபெசர். மரியாதைக்கு வைத்த பெயர் அல்ல.

இந்த ஓட்டம் அக்காவுக்கு ஒரு பரீட்சை. அதுவரை அவள் ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிக் குடிபானப் பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்தாள். எந்த லொறி எங்கே போவது என்று தீர்மானிக்கும் குரூபர் என்பவர், முதல் முறையாக எல்லை தாண்டும் ஓட்டம் ஒன்றை அவளிடம் கொடுத்திருந்தார். கார்க் கதவுக் கைபிடிகள். தாஹோவ் மாவட்டத்தில், போருக்குப் பக்கத்துக் களஞ்சியம். சொன்ன டெர்மினுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குப் போய், ஒழுங்காக இறக்கித் திரும்பினால் ஒவ்வொரு கிழமையும் அந்த ஓட்டம் அவளுக்கே. பிசகினால் பழையபடி குடிபானப் பெட்டி.

எனக்கும் அங்கே அலுவல் இருந்தது. அந்தப் பருவத்துக் கட்டுரைக்கு நான் எடுத்திருந்த தலைப்பே தாஹோவ் மாவட்டத்தின் நிலமும் பொருளாதாரமும். நூலகத்தில் கிடைத்த எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். மாவட்டத்தில் கால் வைத்ததில்லை. “அப்ப என்னோட வா, கால் வை” என்றாள் அக்கா. கம்பனியிடம் கேட்டு எனக்கு அனுமதியும் எடுத்தாள்.

லொறியின் உயரத்திலிருந்து பார்த்தால் ஜெர்மனி வேறு நாடு. காரில் போகும்போது ஒலித்தடுப்புச் சுவர்தான் தெரியும். இங்கே சுவருக்கு அப்பால் உள்ள தோட்டங்கள், காயும் உடுப்புகள், பிள்ளைகளின் நீச்சல் தொட்டிகள் எல்லாம் தெரிகின்றன. நான் பார்த்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் ஒரு ஓய்விடத்தில் அம்மா கட்டித் தந்த பெட்டியைத் திறந்தோம். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை. தட்டையான, மொறுமொறு வடை. அம்மா சுட்டால் கொஞ்சம் ஓடு மாதிரியும் இருக்கும். அக்கா ஒன்றைக் கடித்தாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வடையோ பல்லோ?” என்றேன்.

“பல்லு” என்றாள்.

அம்மாவுக்குப் போன் போட்டோம். கராம்பு வைக்கச் சொன்னார். நெடுஞ்சாலை ஓய்விடத்துக் கடையில் எல்லாம் விற்கிறார்கள். கராம்பு மட்டும் விற்பதில்லை. மருந்துக்கடைக் குளிசை ஒன்று போட்டாள். அது பாதி வேலைதான் செய்தது.

எல்லைக்கு முன்னால், ஓபர்ஃபால்ஸ் காட்டோரம் ஒரு லொறித் தரிப்பிடத்தில் படுத்தோம். இடம் பிடிப்பதே ஒரு கலை. பின்னேரம் ஆகுமுன்பே எல்லாக் கட்டமும் நிறைந்துவிடுகிறது. நாங்கள் மூன்றாவது முறை சுற்றியபோது, லித்துவேனியா இலக்கத் தகட்டுடன் நின்ற ஒருவர் தன் வண்டியை ஒரு முழம் முன்னே எடுத்துவிட்டு, “வா, மகாராணி, உள்ளே விடு” என்று உடைந்த ஜெர்மனில் கூப்பிட்டார். அக்கா ட்ரெய்லரைப் பின்பக்கமாக அந்த இடுக்கில் செருகினாள். அவர் கைதட்டவில்லை. வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார். லொறிக்காரர்களிடையே அது கைதட்டலுக்கு மேல் என்று அக்கா சொன்னாள்.

அடுத்த நாள் காலை எல்லையைத் தாண்டினோம். தாண்டியது தெரியவே இல்லை. ஒரு நீலப் பலகை, கைவிடப்பட்ட சுங்கக் கட்டடங்கள், காடு, மறுபடி காடு. நான் நீர்பிரிமேட்டைப் பற்றித் தொடங்கினேன். மலையின் பவேரியப் பக்கத்தில் ஓடும் பெரும்பாலான ஓடைகள் தெற்கே டான்யூபுக்குப் போய்க் கருங்கடலில் சேர்கின்றன. ம்ஷே என்ற ஒரு சிறிய ஆறு மட்டும் பவேரியாவில் பிறந்து, எல்லையைக் கடந்து, தாஹோவ் மாவட்டத்துக் குளங்களையும் புல்வெளிகளையும் நனைத்துக்கொண்டு கிழக்கே போகிறது. பிறகு வேறு ஆறுகளோடு சேர்ந்து எல்பெ ஆறாகி, ஜெர்மனிக்குள்ளேயே திரும்பி வந்து ஹம்பேர்க்கைக் கடக்கிறது.

“அப்ப தண்ணிக்கும் ரிட்டேர்ன் லோட் கிடைச்சிருக்கு” என்றாள் அக்கா, கன்னத்தைப் பொத்தியபடி. என் கட்டுரையில் நான் இரண்டு பக்கம் எழுதியது இதைத்தான்.

காடு முடிய, சமவெளி விரிந்து, களஞ்சியங்கள் வந்தன. கிராமங்களை விடப் பெரிய சாம்பல் நிறப் பெட்டிகள். கடுகு மஞ்சளில் ஒரு வயல், அதற்குப் பக்கத்தில் ஐரோப்பா முழுவதற்கும் கார்ப் பாகம் அனுப்பும் கூரை, அதற்குப் பக்கத்தில் பசுக்கள். செக் நாட்டிலேயே ஆள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டங்களில் இது ஒன்று. நிலம் இருக்கிறது, ஆள் இல்லை. அதனால் நெடுஞ்சாலை வந்ததும் பெட்டிகள் வந்தன. பெட்டிகளுக்குள் வேலை செய்ய உக்ரைனிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் மொங்கோலியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படித்ததெல்லாம் கண் முன்னே நிற்க, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வாசலில் தடைக்கம்பம். சின்னக் கூண்டிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு காவலாளி அம்மா இறங்கி வந்து, அக்காவின் யன்னலடியில் நின்றார். காகிதங்களை வாங்கிப் பார்த்தார். அவர் ஏதோ கேட்ட அதே கணத்தில் நான் இந்தப் பக்கமிருந்து, “இன்னும் நோகுதோ?” என்று கேட்டேன்.

“நோ…” என்றாள் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு. “சரியான நோ.”

எங்கள் பேச்சில் வலி என்ற சொல் அதிகம் வராது. தலை நோ, வயிற்று நோ, பல்லு நோ. அவ்வளவுதான் அவள் சொன்னது.

காவலாளி அம்மா தலையாட்டினார். செம்மஞ்சள் நிற அட்டை ஒன்றைக் கொடுத்து, இடப்பக்கம் தனியாக இருந்த பாதையைக் காட்டினார். அக்கா அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். டெர்மினுக்கு இன்னும் நேரம் இருந்தது. “வடிவா வந்திட்டம்” என்று சொல்லி இருக்கையைச் சாய்த்தாள்.

எங்களுக்குப் பின்னால் வந்த போலந்து லொறி உள்ளே போனது. அதற்குப் பின்னால் வந்த ருமேனிய லொறியும் போனது. நாங்கள் வேலியோரத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டெர்மின் வந்தது, போனது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் குடிபானப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படுவது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் வந்தார். லொறியை முன்னும் பின்னும் சுற்றினார், குனிந்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு ஜெர்மனில் கேட்டார்: “ஆபத்தான சரக்கு எங்கே?”

“என்ன சரக்கு?”

“இது ஆபத்துச் சரக்குப் பாதை. வெடிக்கிறது, எரிகிறது, அரிக்கிறது. உங்களிடம் எது?”

“கதவுக் கைபிடி” என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்தார். “வெடிக்காது” என்று ஒப்புக்கொண்டார்.

காவலாளி அம்மாவை வரவழைத்தார்கள். அவர் பெயர் அலேனா, ஜெர்மன் நன்றாகவே கதைத்தார். அவர் நேரே அக்காவைக் காட்டினார். “நான் கேட்டேன், ஆபத்துச் சரக்கா என்று. இவர் சொன்னார், நோ. பிறகு இன்னொரு முறை, நோ.”

“அப்படியென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்” என்றேன் நான்.

“அதுதான் சொல்கிறேன், ஆம் என்றார்.”

நான் மறுபடியும் வாயெடுத்தபோது அலேனாவின் போன் அடித்தது. எடுத்துக் கதைத்தார். “நோ… நோ… நோ, யோ… நோ.” ஒவ்வொரு நோவுக்கும் தலை மேலும் கீழும் ஆடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செக்கில் ஆம் என்பதற்கு ‘ஆனோ’ என்று நான் கைபேசியில் பாடம் கற்றிருந்தேன். ஆனால் இந்த நாட்டில் யாரும் பாடப் புத்தகம் மாதிரிக் கதைப்பதில்லை. ஆனோ தேய்ந்து நோ ஆகிவிட்டது. நாங்கள் ஓம் என்கிற இடத்தில் அவர்கள் நோ என்கிறார்கள்.

நான் விளக்கினேன். ஆங்கிலத்தில் நோ, இல்லை. செக்கில் நோ, ஓம். தமிழில் நோ, வலி. அலேனா முதலில் என்னை நம்பவில்லை. அக்கா வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். அப்போது நம்பினார்.

“வெளிநாட்டு ஓட்டுநர்கள் நோ என்றால் நான் கவனமாகத்தான் இருப்பேன்” என்றார். “ஆனால் நீ சொன்ன விதம். அலுத்துப்போய், இழுத்து, கண்ணை மூடி. என் அக்கா அப்படித்தான் நோ சொல்வாள். உன்னை இந்த ஊர்க்காரி என்றே நினைத்துவிட்டேன்.”

சிரிப்பு முடிந்ததும் கணக்கு மிச்சமிருந்தது. கணினி எங்களுக்கு அடுத்த நாள் காலைக்குத்தான் இடம் கொடுத்தது. அக்கா குரூபரைக் கூப்பிட்டாள். வேறு காரணம் ஒன்றைச் சோடித்துச் சொல்லியிருக்கலாம், ஓட்டோபானில் நெரிசல் என்று. அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள்: “நான் தமிழில் பல்லு வலி என்றேன். அது செக்கில் வெடிமருந்து இருக்கிறது என்று ஆகிவிட்டது.”

“நெரிசல் என்று சொல்வார்கள், பனி என்று சொல்வார்கள்” என்றார் குரூபர். “இதை இன்னும் ஒருவரும் சொன்னதில்லை. நாளைக்கு இறக்கு. பிறகு கதைப்போம்.” அவர் குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. “குடிபானப் பெட்டிதான்” என்றாள் அக்கா.

தன் முறை முடிந்ததும் அலேனா எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். தாஹோவில் ஒரு பல் வைத்தியரைத் தெரியுமாம். “என் பிழை பாதி, உன் பல்லின் பிழை பாதி” என்றார். அந்தப் பயணம் என் கட்டுரைக்குக் கிடைத்த வரம். பின் இருக்கையிலிருந்து நான் கேள்வி கேட்டபடியே வந்தேன்.

மாவட்டக் கட்டடம் எங்கே என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். மாவட்ட அலுவலகத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. மாவட்டத்தை யாரும் மூடவில்லை. நீதிமன்றத்தின் பெயரில் அது இருக்கிறது, புள்ளிவிவரத்தில் இருக்கிறது, புயல் எச்சரிக்கையில் இருக்கிறது. “எந்த மாவட்டம் என்று கேட்டால் தாஹோவ் என்றுதான் சொல்வோம். எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது என்று கேட்டால் தெரியாது.”

“கச்சேரி இல்லாத மாவட்டம்” என்றேன் அக்காவிடம். அப்பாவின் கதைகளில் மாவட்டம் என்றாலே கச்சேரிதான்: அரசாங்க அதிபரின் அலுவலகம், அதற்கு முன்னால் நிற்கும் வரிசை, ‘நாளைக்கு வா’.

“அப்ப சொர்க்கம்” என்றாள் அக்கா.

சாலையோரத்தில் குளங்கள் வந்தன. கெண்டை மீன் வளர்க்கிறார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலும் அதுதான் சாப்பாடு. பிறகு மூடிக் கிடக்கும் யுரேனியச் சுரங்கங்கள் இருந்த பக்கத்தைக் காட்டினார். அலேனாவின் தகப்பன் அங்கே வேலை செய்தவர். இப்போது காலையில் அரைவாசி ஊர் பவேரியாவுக்கு வேலைக்குப் போகிறது, அங்கே சம்பளம் கூட. பவேரியர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள், பெற்றோலுக்கும் முடி வெட்டவும் பல்லுக்கும். ஆட்கள் மேற்கே போக, பற்கள் கிழக்கே வருகின்றன. இந்த ஒரு வரியை நான் அப்படியே கட்டுரையில் போட்டேன்.

மேற்கே காட்டைக் காட்டி, “அங்கே ஊர்கள் இருந்தன” என்றார். ஜெர்மன் பேசிய சனம். இரண்டாம் உலக யுத்தம் முடிய அவர்களை அனுப்பிவிட்டார்கள்; எல்லை வேலி வந்தபோது வீடுகளை இடித்தார்கள். இப்போது ஆப்பிள் மரங்களைப் பார்த்துத்தான் முற்றம் எங்கே என்று சொல்லலாமாம். வெறுமையான வீடுகளில் குடியேற எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அலேனாவின் குடும்பம் இன்றைய உக்ரைன் பக்கத்திலிருந்து வந்தது. “இந்த மாவட்டத்தில் எல்லாரும் வந்தவர்கள்” என்றார்.

அப்பாவின் வீடு ஊரில், வலிகாமம் வடக்கில், இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அங்கேயும் முற்றத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அக்கா அதைச் சொல்லவில்லை. நானும், அதிசயமாக, சொல்லவில்லை.

பல் வைத்தியரின் வாசலில் பலகை செக்கிலும் ஜெர்மனிலும் இருந்தது. ஜெர்மன் எழுத்துப் பெரிது. உள்ளே முழு அறையும் கராம்பு மணந்தது. “அம்மா சொன்னதைத்தான் இவையும் செய்யினம்” என்றாள் அக்கா. ஊசியோடு வந்த உதவியாளர் பெண்ணிடம், பயத்தில் ஜெர்மனை மறந்து, “நோகுமோ?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். அந்தப் பெண் அன்பாகச் சிரித்து, “நோ, நோ” என்றாள்.

“பாத்தியோ, உண்மையைச் சொல்லுறாள்” என்றாள் அக்கா.

உடைந்த இடத்தை அடைத்துவிட்டார்கள். விறைப்புக் குறைந்ததும் சதுக்கத்தருகே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். எனக்குப் பொரித்த கெண்டை. அக்காவுக்கு உருளைக்கிழங்கு சூப்பும், மென்மையானது என்று அலேனா சொன்ன க்னெட்லிக்கும். மாவை நீளமாக உருட்டி வேகவைத்து, வட்டம் வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள். அக்கா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். “குழல் புட்டுக்கு இவங்கள் தேங்காய்ப்பூ போட மறந்திட்டாங்கள்.” ஆனாலும் நான்கு சாப்பிட்டாள். பணம் கொடுக்க அலேனா விடவில்லை. எங்களை லொறியடியில் இறக்கிவிட்டு அவர் போகும்போது மிச்சமிருந்த வடைப் பையை அவரிடம் கொடுத்தோம், பல்லுக்கு எச்சரிக்கையோடு.

மறுநாள் காலை எங்கள் இறக்குமேடையின் இலக்கம் பலகையில் வந்தது. எழும்பிப் பார்த்தால் இடம் மோசமாக இருந்தது. இரண்டு பக்கமும் ட்ரெய்லர்கள், முன்னால் ஒரு மின்கம்பம், திருப்ப ஒரு லொறி நீளம்கூட இல்லை. நேற்றைய மஞ்சள் மேலங்கிக்காரர் கையை ஆட்டி வழிகாட்ட வந்தார். காத்திருந்த ஓட்டுநர்கள் கோப்பியோடு வேடிக்கை பார்க்க நின்றார்கள். ‘வெடிமருந்துப் பெண்’ என்ற கதை அதற்குள் முழு வளவுக்கும் பரவியிருந்தது.

அக்கா இறங்கினாள். ட்ரெய்லரின் பின் கதவுகளைத் திறந்து பக்கவாட்டில் கொளுவினாள். இடத்தை நடந்து பார்த்தாள். ஏறினாள்.

“பதட்டமோ?” என்றேன்.

“கதையாதை.”

பின்னுக்குப் போகும்போது ட்ரெய்லர் வலப்பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். மனித மூளைக்கு விரோதமான வேலை. அவள் மின்கம்பத்துக்கு ஒரு சாண் இருக்கும்வரை மூக்கைக் கொண்டுபோனாள். பிறகு ஒடித்தாள். கண்ணாடியில் ட்ரெய்லரின் வால் பக்கத்து வண்டியை உரசப்போய், உரசாமல், நேராகி, மெல்ல மெல்லப் பின்வாங்கியது. மஞ்சள் மேலங்கிக்காரர் கையை உயர்த்தியபடியே நின்றார், ஆட்ட வேண்டிய தேவை வரவில்லை. மேடையின் ரப்பரில் ‘தொப்’ என்று முட்டியது. ஒரே முறையில்.

யன்னலால் வெளியே பார்த்தேன். கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அப்பாவுடையது மாதிரி நிமிர்ந்துகொண்டது. அவள் என் அக்கா என்று செக்கில் எப்படிச் சொல்வது என்று தெரியாததற்கு அன்றைக்கு மிகவும் வருந்தினேன்.

கைபிடிகளை இறக்கி முடித்து வாசலுக்கு வந்தபோது தடைக்கம்பம் கீழே கிடந்தது. அலேனா அக்காவின் யன்னலடிக்கு வந்து காகிதத்தில் முத்திரை குத்தினார். அம்மாவின் வடை தன் பல்லை ஒன்றும் செய்யவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அந்த நேரம் குரூபரின் அழைப்பு வந்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

“களஞ்சியத்திலிருந்து போன் அடித்தார்கள்” என்றார் குரூபர். “முறைப்பாடு என்று நினைத்தேன். உன்னையே திரும்ப அனுப்பச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கிழமையும் போர். எடுக்கிறாயா?”

அக்கா என்னைப் பார்த்தாள், அலேனாவைப் பார்த்தாள். கண்ணை மூடி, நன்றாக இழுத்து, “நோ…” என்றாள்.

“இல்லையா?” என்றது போன்.

அலேனா படியில் ஏறி, யன்னலுக்குள் தலையை நுழைத்து, என் அக்காவின் மடிக்கு மேலாகப் போனை நோக்கிச் சத்தமாகச் சொன்னார்: “ஐயா, இங்கே அதற்கு ஆம் என்று அர்த்தம்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.